தேசிக்காயும் கடற்படையும்

ரொறன்ரோக் கடைகளில் இரண்டு வகைப் பழங்கள் அருகருகே கிடக்கும். மஞ்சள் நிறமாய், நுனி கூர்ந்து, தோல் தடித்தது லெமன். பச்சையாய், சிறிதாய் இருப்பது லைம். யாழ்ப்பாணத்தார் தேசிக்காய் என்பதும், தமிழ்நாட்டார் எலுமிச்சை என்பதும் இந்த லைம் இனத்தையே. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணியதால் பிரித்தானியக் கடற்படை பட்ட பாடு பெரிது.

நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளின் முரசில் இரத்தம் கசியும், கால்கள் வீங்கும், ஆறிய புண்களும் மீண்டும் திறக்கும். ஸ்கேவி என்ற இந்நோய் பகைவரின் பீரங்கியை விட அதிகம் பேரைக் கொன்றது. 1747ஆம் ஆண்டு ‘சால்ஸ்பரி’ என்ற கப்பலில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், பன்னிரண்டு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வித மருந்துகளைக் கொடுத்தார். தினம் இரண்டு தோடம்பழமும் ஒரு லெமனும் உண்ட இருவரும் விரைவில் தேறினர். ஆறாம் நாள் பழம் தீர்ந்துவிட்டது. வினாகிரி குடித்தவர்களும், நீர் கலந்த கந்தக அமிலம் குடித்தவர்களும் அப்படித் தேறவில்லை. அவையும் புளிப்புத்தானே! புளிப்பு வேறு, மருந்து வேறு என்பதை அன்றே விளங்கியிருக்கலாம்.

ஆனால் பழத்தை மாதக்கணக்கில் வைத்திருப்பது எப்படி? லிண்ட் சாற்றை மணிக்கணக்காகச் சூடாக்கி, பாகுபோல் வற்றவைத்துப் போத்தலில் அடைக்கச் சொன்னார். புளிப்பு அப்படியே இருந்தது. சூட்டிலும் காற்றிலும் சத்தின் பெரும்பகுதி போய்விட்டது. 1795இல்தான் கடற்படை லெமன் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது, நோயும் அடங்கியது.

1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாறு அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் புளிப்பு, இதுவும் புளிப்பு என்று யாரும் கவலைப்படவில்லை. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் தலைமையிலான குழு, இன்று கனடாவுக்குரிய எல்ஸ்மியர் தீவருகே குளிர்காலத்தைக் கழித்தது. அடுத்த வசந்தத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த மாலுமிகள் ஸ்கேவியால் விழுந்தனர். முதலாம் உலகப்போரின்போது மெசொப்பொத்தேமியாவில் இந்தியச் சிப்பாய்களையும் அதே நோய் பெருமளவில் பிடித்தது. 1918இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹரியற் சிக்கும் அவருடைய குழுவினரும் கினிப்பன்றிகளைக் கொண்டு சோதித்தபோது, புதிய லைம் சாற்றின் வலு லெமனில் ஏறக்குறைய காற்பங்குதான் என்றும், போத்தலில் பழகிய சாறு அநேகமாகப் பயனற்றது என்றும் தெரிந்தது.

வீட்டுக்கு வருவோம். பழத்தை முழுதாக வைத்தால் தோலும் புளிப்பும் விற்றமின் சியைக் காக்கும். பிழிந்து வைத்தால், அதிலும் செம்புப் பாத்திரத்தில் வைத்தால், விரைவில் போகும். ஆகவே குடிக்கும் நேரத்தில் பிழிவதே சரி. வெயிலில் காய்ந்த தேசிக்காய் ஊறுகாய் நாவுக்குத்தான்.

வாங்கும்போது நிறத்தை நம்பவேண்டாம். கலிபோர்னியாவில் லெமன்களை மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறைகளில் மஞ்சளாக்கினர். நிறத்தை மாற்றியது அடுப்பிலிருந்து வந்த எதிலீன் வாயு என்று 1924இல் பிராங்க் டென்னி காட்டினார். மஞ்சளான லைமும் கெட்டதன்று, முற்றியதுதான். கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரே அளவான இரண்டில் கனமானதில் சாறு அதிகம். தோல் மெல்லியதாய், அமர்த்தினால் சற்று மீள்வதாய் இருக்கவேண்டும்.

இங்குள்ள குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்துவதால், மேசைமேல் வைத்த பழம் ஒரு வாரத்தில் சுருங்கும். மூடிய பையில் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வைத்தால் லெமன் மூன்று நான்கு வாரம் தாங்கும். லைம் கடுங்குளிரில் நாட்பட்டால் தோலில் பழுப்புக் குழிகள் விழும். அதை முதலில் பாவித்துவிடலாம். (கோயிலில் கிடைத்த தேசிக்காய் சுவாமித்தட்டில் கல்லாகும்வரை இருப்பது வேறு கதை.)

பூஞ்சணம் பற்றிய பழத்தை உடனே அகற்றவேண்டும். இரயிலில் அனுப்பிய கலிபோர்னியத் தோடம்பழங்கள் ஏன் அழுகின என்று ஆராய்ந்த ஹரல்ட் பவல், பறிக்கும் கத்தரி வெட்டும் நகக்கீறலும் தோலைக் காயப்படுத்தியதே காரணம் என்று 1908இல் எழுதினார். கடையில் வாங்கிய பையை நிலத்தில் தொப்பென்று போடுவோருக்கும் அது பொருந்தும்.