கூரையைக் கழற்றிக்கொண்டு போன சனம்

வீட்டை விற்பதென்று முடிவெடுத்த அன்று இரவு தங்கச்சி போனில் தேடிப் பார்த்தாள். வீடு விற்பதற்குப் பத்து வழிகள் என்று ஏதோ வந்தது. சுவருக்கு வெளிர் நிறப் பெயின்ற் அடியுங்கள், பழைய தளபாடங்களை அகற்றுங்கள், வாங்க வருகிறவர் உள்ளே வரும்போது நல்ல கோப்பி மணம் வரட்டும். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உதெல்லாம் சரி பிள்ளை, பேமிற்றில ஆற்ற பேர் கிடக்கெண்டு அதில ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை. வன்னியில் வீடு விற்கிறதும் வீடு மாறுகிறதும் உலகத்தில் மற்ற இடங்களில் நடப்பது மாதிரி நடக்கவில்லை. ஏன் என்று பார்த்தால் 1935ஆம் ஆண்டுக்குப் போகவேண்டி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பின்னாலும் போகலாம்.

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமையை எழுதிக் கொடுத்தபோது, காணி விற்கிறதுக்கென்று அதில் ஒரு பகுதி இருந்தது. விற்க நினைக்கிறவர் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் அறிவிக்கவேணும். பிறகு ஒல்லாந்தர் அதை மாற்றி, தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பகிரங்கமாக அறிவிக்கவேணும் என்று வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விசயம், விற்பனை என்பது இரண்டு பேருக்கு இடையிலான தனிக்கதை இல்லை என்கிற எண்ணம். ஊர் அறியவேணும், சொந்தம் அறியவேணும். அதன் மிச்சம் இன்றும் சட்டத்தில் உண்டு. தேசவழமைக் காணி ஒன்றில் பங்குக்காரர் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால், மற்றப் பங்குக்காரர் "எனக்குத் தந்திருக்கவேணும்" என்று நீதிமன்றம் போகலாம். 1947ஆம் ஆண்டு முன்கொள்வனவுச் சட்டம் அதற்காக வந்ததுதான்.

ஆனால் அதெல்லாம் உறுதிக் காணிக்கு. எங்கட வளவு உறுதிக் காணி இல்லை.

இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் கீழே காடு வெட்டிச் சனத்தைக் குடியேற்றும் வேலை 1930களில் தொடங்கி, 1950களில் வேகம் பிடித்தது. குடாநாட்டில் காணி போதாமல் இருந்த குடும்பங்கள் பல இப்படித்தான் இங்கே வந்தன. அம்மப்பாவும் அப்படி வடமராட்சியிலிருந்து வந்தவர். கிளிநொச்சி நகரத்தை ஒட்டிய குடியேற்றக் கிராமம் ஒன்றில் அவருக்கு வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. காணியோடு கிடைத்தது ஒரு கடதாசி. அதுதான் பேமிற். 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம்.

இந்தச் சட்டத்தைத் திட்டாத ஆள் வன்னியில் குறைவு. நானும் திட்டிக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் அது எழுதப்பட்ட காலத்தை யோசித்தால் கோபம் கொஞ்சம் குறையும். ஏழைக் கமக்காரனுக்குக் காணியைக் கொடுத்தால் அடுத்த வருசமே வட்டிக்காரன் வாங்கிவிடுவான் என்று பயந்தார்கள். அதனால் காணி கொடுத்தார்கள், ஆனால் விற்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. கடனுக்காக நீதிமன்றம் இந்தக் காணியைப் பறிமுதல் செய்ய முடியாது. அதேபோல அரசாங்கத்தின் சம்மதம் இல்லாமல் நீங்களும் கைமாற்ற முடியாது. மாற்றினால் அது செல்லாது. துண்டு துண்டாகப் பிரிக்கவும் கட்டுப்பாடு. ஒருவர் பெயரில்தான் இறங்கும். கமக்காரனைக் காப்பாற்றக் கட்டிய வேலி, பேரப்பிள்ளைகள் காலத்தில் வெளியே போகவும் விடாத வேலியாகிவிட்டது.

அந்த ஒருவர் யார் என்பதுதான் அடுத்த சிக்கல். பேமிற்காரர் பின்னுரித்தாளி என்று யாரையும் பதியாமல் இறந்துவிட்டால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை முடிவுசெய்யும். அதில் முதலிடம் ஆண் பிள்ளைகளுக்கு. மூத்தவள் பெண்ணாக இருந்து, அவளே அந்தக் காணியில் தண்ணி அள்ளி ஊற்றி மரம் வளர்த்தவளாக இருந்தாலும், இளையவன் ஆண் என்றால் காணி அவனுக்கு. மனைவிக்குச் சீவிய உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். யுத்தத்துக்குப் பிறகு இத்தனை ஆயிரம் பெண்கள் குடும்பத்தைத் தாங்கிய பிரதேசத்தில் இந்த அட்டவணை அப்படியே இருந்தது. 2022இல்தான் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கித் திருத்தினார்கள். எண்பத்தேழு வருசம்.

பேமிற் கூட இல்லாதவர்களையும் சொல்லவேண்டும். 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களில் பலர் யாரோ ஒருவருடைய வயலில் கூலி வேலை செய்துகொண்டு, காட்டோரக் காணியில் கொட்டில் போட்டு இருந்தவர்கள். அவர்களுக்கு விற்கிற பிரச்சினையே வரவில்லை. "இது உன்ர காணி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்கிற கேள்வியே பெரிய பிரச்சினை. என்னோடு கம்பசில் படிக்கிற ஒருத்தி இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, "நீங்கள் விக்கேலாதெண்டு அழுறியள், நாங்கள் இருக்கேலாதெண்டு அழுறம்" என்றாள். சரிதான்.

இனி வீடு மாறுகிற கதைக்கு வருவோம். வன்னியில் அதற்கு இடப்பெயர்வு என்று பெயர்.

1996இல் இராணுவம் 'சத்ஜய' நடவடிக்கையில் கிளிநொச்சியை நோக்கி வந்தபோது எங்கட குடும்பம் ஸ்கந்தபுரத்துக்குப் போனது. அதற்கு முந்தின ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்து, அங்கேயிருந்து கிளாலிக் கடலால் வந்த சனமும் அப்போது வன்னியில் நிறைந்திருந்தது. அம்மம்மா அந்த இடப்பெயர்வைச் சொல்லும்போது பயத்தைவிடக் கணக்குத்தான் அதிகம் வரும். முதலில் ஓடு கழற்றவேணும். ஓட்டை மேலிருந்து ஒருவர் இறக்க, இடையில் ஒருவர் வாங்க, கீழே ஒருவர் வைக்கோல் போட்டு அடுக்கவேணும். பிறகு சிலாகை, பிறகு வளை. பிறகு கதவும் யன்னலும் நிலையோடு. கிணற்றுக் கப்பி. கடைசியாக நெல்லு மூட்டை. எல்லாம் ரக்ரர் பெட்டியில். "சுவரைத்தான் விட்டிட்டுப் போனது. சுவரை ஆரும் களவெடுக்கேலாது எண்டு நினைச்சம்."

யுத்தம் நடந்த ஊர்களில் வீட்டைக் கூரையோடு விட்டுப் போனால் திரும்பி வரும்போது கூரை இருக்காது. போகிற இடத்தில் தகரம் வாங்கவும் முடியாது; பொருளாதாரத் தடை, தகரம் தங்க விலை. ஆகவே வீடு என்றால் சுவர் என்று யாரும் நினைக்கவில்லை. வீடு என்பது கூரை. கூரையை எடுத்துப் போனால் போகிற இடத்தில் நாலு கப்பு நட்டு வீடாக்கலாம். நத்தை மாதிரி என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் நத்தைக்கு ரக்ரர் வாடகை கொடுக்கிற கவலை இல்லை.

2002 சமாதான காலத்தில் கூரை திரும்பி வந்து பழைய சுவரில் ஏறியது. அந்த வீட்டில்தான் 2003இல் அம்மப்பா செத்தார், அதே வருசம் நான் பிறந்தேன்.

2008இல் திரும்பவும் கழற்றினார்கள். இந்த முறை மேற்கிலிருந்து கிழக்கே. மன்னார்ப் பக்கத்துச் சனம் முதலில் வந்தது, பிறகு கிளிநொச்சிச் சனமும் சேர்ந்து நகர்ந்தது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். எனக்கு ஐந்து வயது, எல்லாம் ஞாபகமில்லை. பெரியவர்களைக் கேட்டு, எந்த இடத்தில் எதை விட்டோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். தர்மபுரத்தில் கதவு, யன்னல், கட்டில். விசுவமடுவில் ஓடு, அதற்குப் பிறகு தகரம் மட்டும். உடையார்கட்டில் தண்ணி மோட்டர், தையல் மெசின். சுதந்திரபுரத்தில் தகரத்தைப் பதுங்குகுழிக்கு மேலே போட்டு மண் மூடியது, அதோடு அது போனது. புதுக்குடியிருப்புக்குப் பிறகு சைக்கிள். மாத்தளனில் சட்டி பானை. கடைசியில் அம்மம்மாவின் இடுப்பில் கட்டியிருந்த பொலித்தீன் பை ஒன்று மிஞ்சியது: அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பேமிற்.

மாமாவும் அங்கேதான் மிஞ்சவில்லை. அம்மாவின் தம்பி, ஒரே ஆண் சகோதரம். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

மெனிக் பாமிலிருந்து 2010இல் ஊருக்கு விட்டார்கள். 25,000 ரூபா காசும் தகரமும் தந்தார்கள். வளவு எது என்று கண்டுபிடிக்கக் கிணறுதான் உதவியது. வேலி, ஒழுங்கை, மரம் ஒன்றும் முந்தின மாதிரி இல்லை. பிறகு இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டக் கட்டப் பகுதி பகுதியாக. காணி உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள், பொலித்தீன் பை திறந்தது. புலிகளின் காலத்தில் எழுதிய காணிப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் பாடு கஷ்டம்; 2009க்குப் பிறகு அவற்றுக்குச் சட்டப் பெறுமதி இல்லை. கேப்பாப்பிலவுச் சனத்தின் நிலைமை இன்னும் மோசம். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது அவர்களைச் சொந்த ஊருக்கு விடாமல் சீனியாமோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிலவுக்குடியிருப்புக் காணி அவர்கள் 2017இல் ஒரு மாதம் றோட்டில் இருந்த பிறகுதான் கிடைத்தது.

அம்மம்மா 2021இல் இறந்தா. அப்பாவுக்கு வவுனியாவில் வேலை, தங்கச்சிக்கும் படிப்பு அங்கே. வாடகை வீட்டுக்குப் போய்விட்டோம். ஊர் வீடு பூட்டிக் கிடந்து கறையான் ஏறுகிறது. விற்றால் வவுனியாவில் ஒரு துண்டுக் காணி எடுக்கலாம். இவ்வளவுதான் கணக்கு.

புறோக்கர் ஒருவர் வந்தார். "பேமிற் காணி எண்டா என்ன, வெள்ளைத்தாளில எழுதி ஒரு அற்றோணித் தத்துவம் முடிச்சுத் தாறன், காசு கையில" என்றார். வன்னியில் இப்படி எத்தனை காணி கைமாறியிருக்கும். வாசிக்கிற உங்கட வீட்டிலும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேணும். வெள்ளைத்தாள் விற்பனை உறுதிக் காணிக்கே செல்லாது, பேமிற் காணிக்கு எப்படிச் செல்லும்? அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் சாதாரணமாக அவரோடு போய்விடும். வாங்கினவர் வீடு கட்டிக் குடியிருந்து பத்து வருசம் கழித்து, அரசாங்கம் பேமிற்றை ரத்துச் செய்தால் அவருக்கு நிற்க நிலம் இல்லை. ஏமாற்றப்படுகிறவர் பெரும்பாலும் எங்களைவிட ஏழையாகத்தான் இருப்பார்.

நேர்வழி இதுதான்: பெயர் மாற்றி, பேமிற்றை அளிப்புப் பத்திரமாக்கி, பிறகு பிரதேச செயலாளரின் சம்மதத்தோடு விற்பது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, ஈடோ வேறு பதிவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முற்பணம் வாங்கவும் கொடுக்கவும் வேணும். கிளிநொச்சி மாவட்டமே 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. பழைய பதிவென்றால் யாழ்ப்பாணத்திலும் தேடுங்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கட காணியில் வேறு யாராவது பத்து வருசம் இருந்து ஆட்சியுரிமை கேட்டால், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் கீழ் வழக்குப் போடக் கால எல்லை வைத்திருந்தார்கள், ஆகவே சட்டத்தரணியிடம் கேளுங்கள். கடதாசியை ஒழுங்காக வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 மார்ச் 28 வர்த்தமானி போதும். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்கு என்று அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, பிறகு அரசே மீளப் பெற்றது. அந்த மூன்று மாதமும் வெளிநாட்டிலிருந்து எத்தனை பேர் பழைய உறுதியின் போட்டோக் கொப்பி தேடியிருப்பார்கள்.

சரி, நாங்கள் நேர்வழியில் போனோம். காணிப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசன். கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: அம்மப்பா பின்னுரித்து நியமிக்கவில்லை. அம்மம்மா இறந்தது 2021, திருத்தச் சட்டத்துக்கு முதல். அப்படியென்றால் பழைய அட்டவணை. உரித்து மகனுக்கு. மகன் எங்கே?

அம்மா பேசவில்லை. நான்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுகம் என்றார். 2010ஆம் ஆண்டு தற்காலிகச் சட்டத்தின்படி காணாமல் போனவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம். அதற்கு விருப்பமில்லாத குடும்பங்களுக்காக 2016இல் வந்தது காணாமற் போனமைக்கான சான்றிதழ். அதை வைத்துக் காணியைப் பராமரிக்கலாம், விற்கப் போதாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

அம்மா 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் இருந்த தாய்மாரோடு போய் இருந்தவ. ஒவ்வொரு நாளும் இல்லை, போக முடிந்த நாளெல்லாம். மாமாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு, உயிரோடு தா என்று கேட்டவ. இப்போது அதே கையால் அவர் செத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். வைத்தால் ஒரு ஏக்கர் விற்கலாம்.

பஸ்ஸில் வரும்போது, "அம்மா, அது கடதாசி தானே" என்றேன். நான் சொல்லியிருக்கக் கூடாத வசனம். அந்தக் குடும்பத்தில் கடதாசியின் பெறுமதி என்னவென்று மேலே நானே எழுதியிருக்கிறேன். "கடதாசி தான்" என்றா அம்மா. அதற்குப் பிறகு வவுனியா வரைக்கும் கதைக்கவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று சட்டபீடத்து அண்ணா ஒருவர் பார்த்துத் தருகிறார். சட்டப்படி உரித்தாளி ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் அடுத்தவருக்குப் போகலாமாம். அதை எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. புறோக்கர் மாதத்துக்கு ஒருக்கால் போன் அடிக்கிறார்.

ஊர் வீட்டின் படலையில் அம்மா நீலப் பெயின்றால் ஒரு போன் நம்பர் எழுதி வைத்திருக்கிறா. மாமா வந்தால் எங்கே தேடுவார் என்று, வவுனியாவுக்குப் போன அன்று எழுதினது. போன மாதம் சிம் மாற்றவேண்டி வந்தது. அடுத்த நாளே காலமை பஸ்ஸெடுத்துப் போய், பழையதை அழித்துப் புது நம்பரை எழுதிவிட்டு வந்தா.