காற்றாலைக்குப் பின்னிருந்த கூட்டம்: காலநிலைத் தொழில்நுட்ப முதலீடும் டென்மார்க் தரும் சான்றும்

பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைக்கவும், ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட வெப்ப உயர்வைத் தாங்கவும் உதவும் கருவிகளும் முறைகளும் இன்று காலநிலைத் தொழில்நுட்பம் என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. இத்துறையில் தோன்றும் புத்தொழில் நிறுவனங்களைச் சுற்றி முதலீட்டாளர், பொறியாளர், பயனாளர் ஆகியோர் அடங்கிய ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளில் வலுத்துள்ளது. ஆனால் அந்தப் பேச்சில் சமூகம் என்பது பெரும்பாலும் பணம் உடையவரையும் யோசனை உடையவரையும் ஒரு கூரையின்கீழ்ச் சந்திக்கவைக்கும் ஏற்பாடு என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. டென்மார்க்கில் காற்றாலைத் தொழில் உருவான 1970, 1980களின் வரலாற்றை நோக்கும்போது இந்தப் புரிதலின் போதாமை தெரியவரும். பணம் போட்டவர், இயந்திரம் செய்தவர், அதைச் சோதித்தவர் என்ற மூன்று தரப்பினரும் ஒருவர் தோல்வியை மற்றவர் பார்த்தே தீர வேண்டிய நிலையில் அங்கே பிணைக்கப்பட்டிருந்தனர். அந்தப் பிணைப்பே அங்குப் போடப்பட்ட முதலீட்டுக்குப் பொறுமையைக் கொடுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கைத் தாக்கியபோது அந்நாடு தன் எரிசக்தித் தேவையில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரசும் மின் நிறுவனங்களும் அணுமின்சாரத்தைத் தீர்வாக முன்வைத்தன. அதை எதிர்த்த இயக்கம் மாற்று ஒன்றைக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் காற்றின் பக்கம் திரும்பியது. கையில் எடுக்க அங்கே ஒரு மரபும் இருந்தது. அஸ்கோவ் ஊரின் மக்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பௌல் லா கூர் 1891இல் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சோதனைகளைத் தொடங்கி, கிராமப்புற இளைஞர்களுக்கு மின்பணியும் கற்பித்தார். அவரிடம் பயின்ற யொஹானஸ் யூல் 1957இல் கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். மூன்று இறக்கைகள், மின்தொடருடன் நேராக இணையும் தூண்டல் மின்னாக்கி, காற்று மிகும்போது இறக்கையின் வடிவமே காற்றோட்டத்தைக் குலைத்துத் தன் விசையைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் அமைப்பு ஆகியவை அதன் கூறுகள். பத்தாண்டுகள் ஓடி 1967இல் நிறுத்தப்பட்ட அந்த இயந்திரத்தின் எளிமை, பிற்காலத்துக் கைவினைஞர்கள் பார்த்துச் செய்யக்கூடிய அளவில் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அந்தக் கைவினைஞர்களில் முதல்வராகக் குறிப்பிடப்படும் கிறிஸ்டியன் ரீசகர் ஒரு தச்சர். 1970களின் நடுவில் அவர் செய்த 22 கிலோவாட் காற்றாலை மின்தொடருடன் இணைக்கப்பட்டு, பின்னர்ப் பிறருக்கும் விற்கப்பட்டது. அதே காலத்தில் உல்ஃபோர்க் அருகே ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 54 மீட்டர் விட்டமுள்ள சுழலியைக் கொண்ட பெருங்காற்றாலையைக் கட்டி 1978இல் ஓடவிட்டனர். இவர்கள் எல்லாரும் தனித்தனியே முயன்றவர்கள்தாம். எனினும் காற்றாலைச் சந்திப்புகள் என்று அழைக்கப்பட்ட கூட்டங்களில் செய்வோரும் வாங்கியோரும் வாங்க எண்ணியோரும் ஒருங்கே கூடினர். 1978இல் உரிமையாளர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இந்த வட்டாரத்தில் பரவிய ‘நாட்டுர்லி எனர்கி’ என்ற இதழ், எந்தத் தயாரிப்பாளரின் இயந்திரம் எந்த ஊரில் அந்த மாதம் எத்தனை அலகு மின்சாரம் தந்தது என்ற விவரத்தை, உரிமையாளர்கள் அனுப்பிய கணக்கிலிருந்து தொகுத்து வெளியிட்டது. பழுதுகளும் அதில் இடம்பெற்றன. விற்பனைத் துண்டறிக்கையில் காணும் எண்ணுக்கும் மின்மானியில் ஏறும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை நாட்டின் எந்த மூலையில் இருக்கும் உழவரும் அறிந்துகொள்ள அந்தப் பட்டியல் வழி செய்தது. காற்றாலை வரலாற்றில் பெருங்காற்றாலைகளின் படங்களுக்குக் கிடைத்த கவனம் இந்தப் பட்டியலுக்குக் கிடைக்காமற்போனது வியப்புக்குரியது.

அந்தச் சமூகத்தின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது பிரேக் குறித்த விவகாரம். மின்தொடரில் மின்சாரம் நின்றுபோனால் மின்னாக்கியின் சுமை ஒரு நொடியில் மறைந்துவிடும். தடுக்க ஏதுமில்லாத சுழலி வேகமெடுத்துத் தன்னைத்தானே பிய்த்தெறியும் நிலைக்குச் செல்லும். தண்டில் பொருத்திய இயந்திரப் பிரேக் ஒன்றை மட்டும் நம்பினால், அதுவோ கியர்ப்பெட்டியோ பழுதாகும் நாளில் எதுவும் கைகொடுக்காது. தொடக்க ஆண்டுகளின் புயல்களில் இவ்வாறு சில காற்றாலைகள் சிதறியபின், ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் இல்லாத இயந்திரத்தை ஏற்பதில்லை என்று உரிமையாளர்கள் கூட்டாக வலியுறுத்தினர். சிறு பட்டறையில் இறக்கைகள் செய்துவந்த எரிக் க்ரோவே-நீல்சன், சுழலி வரம்பு மீறும்போது இறக்கையின் நுனி தானே திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே நின்று வேகத்தைத் தணிக்கும் முறையை அமைத்தார். அவருடைய இறக்கைகளைப் பல தயாரிப்பாளர்கள் வாங்கியதால் ஓரிடத்தில் பெற்ற படிப்பினை எல்லா இயந்திரங்களிலும் ஏறியது. ஒரு தொழிலின் முதல் பாதுகாப்பு விதியை அதன் வாடிக்கையாளர்களே விதித்தார்கள் என்பது அரிதாக நிகழும் செய்தி.

அரசும் ஏறக்குறைய இதே காலத்தில் தன் பங்கை ஏற்றது. 1978இல் ரீஸோ ஆய்வுக்கூடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. 1979 முதல் காற்றாலை வாங்குவோருக்கு அதன் விலையில் 30 விழுக்காடு மானியமாகக் கிடைத்தது. ஆனால் ரீஸோவின் ஒப்புதல் பெற்ற வகைக்கு மட்டுமே மானியம் உண்டு. இதனால் சோதனைக்கூடப் பொறியாளரிடம் தன் வரைபடத்தைத் திறந்து காட்டுவது தயாரிப்பாளருக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. அம்மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நின்றது. முதலீட்டாளர் யார் என்பதையும் விதிகளே முடிவுசெய்தன: கூட்டுக் காற்றாலையில் பங்கு வாங்குபவர் அதன் அருகே குடியிருக்க வேண்டும்; அவருடைய பங்கு அவருடைய சொந்த மின்பயன்பாட்டின் அளவை ஒட்டியே இருக்க வேண்டும். ஊக வணிகத்துக்கு இடமில்லாத இந்த ஏற்பாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காலப்போக்கில் பங்குதாரர் ஆயின. பலவும் வரம்பற்ற கூட்டுப் பொறுப்புடைய பங்காண்மைகளாக அமைந்தமையால், கூட்டமைப்பு தன் பெயரில் கடன் வாங்கக்கூடாது என்று அவற்றின் விதிகள் தடுத்தன. இழப்பு வந்தால் யார் தலையில் விழும் என்பது பங்கு வாங்கும் அன்றே தெரிந்திருந்தது.

இதே காலத்தில் மேற்கு ஜெர்மனி க்ரோவியன் என்ற பெயரில் 100 மீட்டர் சுழலியும் 3 மெகாவாட் திறனும் கொண்ட ஒற்றை இயந்திரத்தை 1983இல் நிறுவியது. சில நூறு மணி நேரமே ஓடிய அது 1980களின் இறுதியில் கலைக்கப்பட்டது. அமெரிக்காவில் நாசாவின் மேற்பார்வையில் வான்வெளி நிறுவனங்கள் செய்த பெருங்காற்றாலைகளும் சந்தையைத் தொடவில்லை. இவ்விரு நாடுகளிலும் அறிவியல் அறிவுக்கோ பணத்துக்கோ குறைவில்லை. டென்மார்க்கின் வழியைக் கையில் உள்ளதைக் கொண்டு படிப்படியாக ஒட்டவைக்கும் முறை என்றும், அமெரிக்க வழியை ஒரே பாய்ச்சலில் முன்னேற முயன்ற முறை என்றும் பீட்டர் கார்னோவும் ரகு கருடும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் வேறுபடுத்தினர். அவ்வேறுபாடு ஏற்கத்தக்கதே. ஆயினும் படிப்படியாகச் செல்வது தன்னளவில் வெற்றி தருவதில்லை. ஒவ்வொரு படியிலும் நிகழ்ந்த பழுது அடுத்த பட்டறைக்குத் தெரிந்தாக வேண்டும். மேற்கண்ட இதழும் சந்திப்புகளும் இல்லாதிருந்தால் டென்மார்க்கின் பட்டறைகள் ஒரே தவற்றைத் தனித்தனியே பலமுறை செய்திருக்கும்.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. டென்மார்க்கின் உள்நாட்டுச் சந்தை சிறியது. வெஸ்டாஸ், போனஸ், நோர்ட்டாங்க் முதலிய நிறுவனங்களை உலகத் தயாரிப்பாளர்களாக வளர்த்தது 1980களின் முதற்பாதியில் கலிஃபோர்னியாவில் பாய்ந்த பணமே. அங்கே கூட்டாட்சி அரசும் மாநில அரசும் தந்த வரிக்கழிவு, எத்தனை அலகு மின்சாரம் விளைந்தது என்று கேளாமல், எவ்வளவு பணம் போடப்பட்டது என்றே கேட்டது. வரியைக் குறைக்க வழி தேடிய மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தாம் ஒருநாளும் காணாத இயந்திரங்களுக்கு உரிமையாளர் ஆயினர். அமெரிக்கத் தயாரிப்புகள் பல ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடங்க, டென்மார்க்கிலிருந்து இறங்கிய கனத்த இயந்திரங்கள் தாக்குப்பிடித்தன. வரிக்கழிவு முடிவடைந்ததும் தேவை சரிந்தது. 1986இல் வெஸ்டாஸே கடனைச் செலுத்த முடியாமல் நின்று, பின்னர் மறுசீரமைக்கப்பட்டது. ஆக, அந்நியப் பணம் அளவைத் தந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்தப் பணம் வந்தபோது தேர்ந்தெடுக்கத் தகுந்த இயந்திரம் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டுமே. அதை ஆக்கி வைத்தது டென்மார்க்கின் ஜூட்லாந்துத் தீபகற்பத்தின் உழவர்களும் பட்டறைக்காரர்களும் அடங்கிய கூட்டம்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே கலிஃபோர்னியாவில் துணிகர மூலதனம், அதாவது பெரும்பாலான நிறுவனங்கள் தோற்றாலும் ஒன்றிரண்டின் பெருவெற்றியால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கில் போடப்படும் பணம், தூய்மைத் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பியது. 2006 முதல் 2011 வரை போடப்பட்ட 2,500 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் பாதிக்கு மேல் திரும்பவில்லை என்று எம்ஐடி எரிசக்தி முயற்சி வெளியிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. 53.5 கோடி டாலர் அரசுக் கடன் உத்தரவாதம் பெற்ற சோலிண்ட்ரா 2011இல் திவாலானது. மென்பொருளுக்கு ஏற்ற கால அளவைத் தொழிற்சாலை கட்ட வேண்டிய துறையில் பொருத்தியதே காரணம் என்பது வழக்கமான விளக்கம், அது சரியே. அதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டியது, அந்நிதிகள் தம் நிறுவனங்களின் பழுதுகளை இரகசியமாகவே வைத்திருந்தன என்பதாகும். அங்கும் விருந்துகளும் மாநாடுகளும் இருந்தன. ஆனால் மாதாந்தரப் பட்டியல் ஒன்று இல்லை.

டென்மார்க்கின் சமூகமும் நிலைத்துவிடவில்லை. கோபன்ஹேகன் துறைமுகத்தின் எதிரே 2000இல் எழுந்த மிடல்குருண்டன் பண்ணையின் 20 காற்றாலைகளில் பாதியை 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டமைப்பு வைத்திருந்தது; அம்மரபின் உச்சமும் ஏறக்குறைய அதுவே. இயந்திரத்தின் விலை வளர வளர அக்கம்பக்கத்துச் சேமிப்புக்கு எட்டாமற்போயிற்று. மேம்பாட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் இடத்தைப் பிடித்தன. கிராமங்களில் எதிர்ப்பு வளர்ந்தது. புதிய காற்றாலையின் பங்குகளில் 20 விழுக்காட்டை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு வழங்க முன்வர வேண்டும் என்று 2009 முதல் சட்டம் விதித்தும் பழைய ஈடுபாடு திரும்பவில்லை. இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இடத்தை முடிவுசெய்வதிலும் பங்கில்லாதவரிடம் பங்குப்பத்திரத்தை மட்டும் நீட்டிய சட்டம் அது.

தமிழ்நாட்டுக்கு இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆரல்வாய்மொழி முதலிய கணவாய்களின் காற்றை நம்பி முப்பந்தலிலும் கயத்தாறிலும் தொடக்கத்தில் நிறுவப்பட்ட இயந்திரங்களில் டென்மார்க் வடிவங்களே முன்னின்றன. கயத்தாறு சோதனை நிலையம் டென்மார்க்கின் உதவியுடனும் ரீஸோவின் துணையுடனும் அமைந்தது. 1990களில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலையினரும் பிற தொழில் முனைவோரும். இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடமளித்த வருமான வரிச் சலுகை அவர்களை ஈர்த்தது. கணக்காண்டு முடிவதற்குள், மார்ச் மாதத்துக்குள், காற்றாலையை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் அதன் விளைவு. இவ்வளவில் இது கலிஃபோர்னியாவின் மறுபதிப்பு போலத் தோன்றும். ஆனால் ஆலைகளுக்கு மின்சாரம் உண்மையிலேயே தேவைப்பட்டது. முப்பந்தலில் விளைந்த அலகுகளை மின்வாரியக் கம்பிகள் வழியே தம் ஆலைக்குக் கொண்டுசெல்லும் வீலிங் ஏற்பாடும், காற்றுக் காலத்தில் மிஞ்சியதைக் கணக்கில் இருப்பு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் ஏற்பாடும், வரிச் சலுகைக்காக வந்தவரையும் ஓரளவு டென்மார்க்கின் உழவரைப் போன்ற பயனாளராக மாற்றின. குஜராத்தில் துளசி தந்தி தம் துணி ஆலைக்காகக் காற்றாலை வாங்கிய அனுபவத்திலிருந்தே 1995இல் சுஸ்லான் காற்றாலை நிறுவனம் பிறந்ததும் இவ்வகையைச் சார்ந்ததே.

இங்குக் குறைவாக இருந்தது வேறொன்று. இங்கும் உரிமையாளர் சங்கம் உண்டு. சென்னையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும் உண்டு. ஆயினும் சங்கத்தின் ஆற்றல் பெரிதும் கட்டணம், பேங்கிங், நிலுவைத் தொகை ஆகியவற்றுக்காக மின்வாரியத்துடனும் மின் ஒழுங்குமுறை ஆணையத்துடனும் வாதாடுவதில் செலவாயிற்று. எந்த வகை இயந்திரம் எந்தக் கணவாயில் எவ்வாறு ஓடுகிறது என்று உரிமையாளர்களே மாதந்தோறும் ஒப்பிட்டு வெளியிடும் வழக்கம் வேர்பிடிக்கவில்லை. இறக்கை விரிசலும் கியர்ப்பெட்டித் தேய்மானமும் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் கோப்புக்குள் அடங்கின.

இக்குறையின் விலை இப்போது கண்முன் வந்துள்ளது. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்றிடங்களில் 225, 250 கிலோவாட் அளவிலான பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை அகற்றிப் புதியன நிறுவுவதற்கு மைய அரசு 2016இலும் 2023இலும், மாநில அரசு 2024இலும் கொள்கைகளை அறிவித்துள்ளன. சிக்கல் கொள்கையைவிட நிலத்தில் அதிகம். இரண்டு மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஒரு புதிய காற்றாலை, தன் நூறு மீட்டருக்கு மேற்பட்ட சுழலிக்கு வேண்டிய இடைவெளியுடன், பழைய எட்டோ பத்தோ இயந்திரங்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த எட்டும் எட்டு வெவ்வேறு ஆலைகளின் பெயரில், எட்டு பட்டாக்களில், எட்டு மின் இணைப்புகளுடன் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் ஒரே இயந்திரத்தின் பங்குதாரராவதற்கு, ஒவ்வொருவரும் தம் பழைய காற்றாலை உண்மையில் எவ்வளவு தந்தது என்பதை மற்றவர் நம்பும்படி காட்டி, அதற்கேற்பப் பங்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கான பொதுக் கணக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்டிருந்தால் பேச்சுவார்த்தை ஒரு கணக்காளரின் மேசையில் முடிந்திருக்கும். இல்லாதபோது, எட்டுப் பேரின் பங்குகளையும் மொத்தமாக விலைக்கு வாங்கக்கூடிய ஒரு பெருநிறுவனமே புதிய இயந்திரத்தை நிறுவும் தரப்பாக எஞ்சுகிறது.