ஐக்கிய நாடுகள்: போரில் பிறந்த பெயர்

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஜெர்மனி, இத்தாலி, ஜப்பானை ‘அச்சு நாடுகள்’ என்கிறோம். எதிரணியை ‘நேச நாடுகள்’ என்கிறோம். நியூயார்க்கில் இருக்கும் உலக சபைக்கு ‘ஐக்கிய நாடுகள்’ என்று வேறு பெயர். இந்தியிலும் இப்படித்தான்: போரணி ‘மித்ர ராஷ்ட்ர’, சபை ‘சம்யுக்த ராஷ்ட்ர’. இப்படிப் பிரித்துப் பேசுவதால் ஒரு வரலாறு நம் கண்ணில் படாமலே போகிறது. 1942 முதல் அந்தப் போரணி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்தான் ‘யுனைடெட் நேஷன்ஸ்’. சபை பிற்பாடு அதைச் சுவீகரித்துக்கொண்டது.

பெயர் வைத்தவர் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில நாட்களில், 1941 டிசம்பரில், சர்ச்சில் வாஷிங்டன் போய் வெள்ளை மாளிகையிலேயே தங்கினார். கூட்டறிக்கை ஒன்று தயாரானது. வரைவில் இருந்த சொல் ‘அசோசியேட்டட் பவர்ஸ்’. ‘அலையன்ஸ்’ என்று போட்டால் ரூஸ்வெல்ட்டுக்குச் சட்டச் சிக்கல். உடன்படிக்கை என்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சர்ச்சில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரூஸ்வெல்ட் சக்கர நாற்காலியில் போய்ப் புதுப் பெயரைச் சொன்னார் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. சர்ச்சிலுக்கு ஆங்கிலக் கவிஞர் பைரன் நினைவுக்கு வந்தார். ‘சைல்ட் ஹெரால்ட்’ நெடுங்கவிதையில், வாட்டர்லூ களத்தைப் பாடும் இடத்தில், அதே இரு சொற்கள் வருகின்றன. கவிஞனிடமும் அது போர்க்களச் சொல்தான்.

ரூஸ்வெல்ட் செய்த மாற்றத்தில் ‘யுனைடெட்’ என்பதைவிட ‘நேஷன்ஸ்’ என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘பவர்ஸ்’ என்றால் படையும் கஜானாவும் வைத்திருக்கும் வல்லரசுகள். ‘நேஷன்ஸ்’ என்றால் மக்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். 1942 ஜனவரி 1 அன்று ரூஸ்வெல்ட், சர்ச்சில், சோவியத் தூதர் லித்வினோவ், சீனாவின் டி.வி. சூங் நால்வரும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் மற்ற 22 நாடுகள். அந்த 26 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் பெயரில் கையெழுத்துப் போட்டவர் வாஷிங்டனில் இந்திய அரசின் ஏஜென்ட் ஜெனரலாக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய். இந்திய அரசு என்றால் டில்லியில் வைஸ்ராய் லின்லித்கோ நடத்திய அரசு. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இல்லை. வல்லரசுகளின் பட்டியலில் ஓர் அடிமை நாடு நின்றால் எஜமானின் நிழல் என்று விட்டுவிடலாம். நேஷன்களின் பட்டியலில் நின்றால், ‘அப்படியானால் நாங்களும் ஒரு நேஷன்தானே?’ என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அந்தக் கேள்விக்கு ரூஸ்வெல்ட்டே உரம் போட்டார். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் முன்பே வெளியிட்ட அட்லாண்டிக் சாசனத்தை அறிக்கை ஏற்றுக்கொண்டிருந்தது; தங்கள் ஆட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது அந்தச் சாசனம். இந்தியாவுக்கு அது பொருந்தாது என்று சர்ச்சில் 1941 செப்டம்பரிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். 1942 பிப்ரவரி 23 வானொலி உரையில் ரூஸ்வெல்ட், சாசனம் உலகம் முழுமைக்கும் உரியது என்றார். மார்ச் 10 அன்று சர்ச்சிலுக்கு எழுதியபோது, விடுதலைக்குப் பின் அமெரிக்காவின் 13 மாநிலங்கள் 1783 முதல் 1789 வரை தற்காலிக ஏற்பாட்டில் காலம் தள்ளியதை இந்தியாவுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். ஏப்ரலில், பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த டில்லிக்கு அவருடைய பிரதிநிதி லூயி ஜான்சன் வந்திறங்கி, பாதுகாப்பு இலாகா யார் கையில் என்ற முடிச்சை அவிழ்க்க முயன்றார். பலிக்கவில்லை. சர்ச்சில் பிடி கொடுக்காதபோது ரூஸ்வெல்ட் அதற்கு மேல் நெருக்கவும் இல்லை. வானொலியில் கேட்ட உறுதி கடிதங்களில் தேய்ந்துபோனது என்பதே என் கணிப்பு.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று காந்தி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பிரச்சினை தீராதவரை, சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்ற பேச்சு வெற்றுச் சத்தம் என்றார். அந்த வாக்கியத்தில் அவர் கையாண்டது ‘அலைஸ்’ (நேச நாடுகள்) என்ற பழைய சொல். ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில், காங்கிரஸில் நேரு முன்மொழிந்த ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தில் ரூஸ்வெல்ட்டின் புதுச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. யுனைடெட் நேஷன்ஸின் வெற்றிக்காகவே பிரிட்டிஷ் ஆட்சி முடிய வேண்டும், விடுதலை பெற்ற இந்தியா யுனைடெட் நேஷன்ஸின் தோழனாகும் என்கிறது தீர்மானம். பாஜ்பாயின் கையெழுத்தால் இந்தியா ஏற்கெனவே அந்த அணிக்குள் இருந்தது. காங்கிரஸோ இனிமேல்தான் சேரப்போகிறோம் என்றது. அந்தக் கையெழுத்தை இதைவிடக் கண்ணியமாக மறுத்திருக்க முடியாது. மறுநாள் விடியும் முன்பே தலைவர்கள் கைதானார்கள்.

டில்லியின் தெருப் பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது நான்கும் இருக்கும். யு.என். அலுவலகங்கள் உள்ள லோதி எஸ்டேட் பக்கம் அந்தப் பலகைகளைப் பார்க்கும்போது, இந்தப் பெயர் ஒவ்வொரு மொழியிலும் எடுத்த உருவம் நினைவுக்கு வரும். தமிழின் ‘ஐக்கியம்’ வடமொழி ‘ஏக’த்தின் வழி வந்தது. அடியார் இறைவனோடு ஐக்கியமானார் என்போம். கட்சி மாறியவர் புதுக் கட்சியில் ஐக்கியமானார் என்போம். இரண்டிலும் தனித்தன்மை கரைந்துவிடுகிறது. இந்தியின் ‘சம்யுக்த’ பூட்டுதலைக் குறிக்கும் ‘யுஜ்’ என்ற வேரிலிருந்து வந்தது. ஒரே நுகத்தில் பூட்டினாலும் இரண்டு மாடும் இரண்டுதான். எந்த நாடும் இறையாண்மையைக் கரைக்காத ஓர் அமைப்புக்கு அதுவே பொருத்தம். உருதில் ‘அக்வாம்-ஏ-முத்தஹிதா’. ‘அக்வாம்’ என்பது ‘கௌம்’ என்பதன் பன்மை. கௌம் என்றால் மக்கள் இனம். 1942-இன் கேள்வி அங்கேதான் உரக்கக் கேட்கிறது. நம் ‘நாடு’ சோழ நாடு, பாண்டிய நாடு என்று மண்ணைச் சொல்லிப் பழகிய சொல். அதனால் தமிழில் அந்தக் கேள்வி மங்கிவிடுகிறது.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார். அதே மாதம் 25-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாடு தொடங்கியது. அவர் நினைவைப் போற்றி அவர் வைத்த பெயரையே சபைக்குச் சூட்டினார்கள். இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அந்தக் குழு இந்திய மக்களின் குரல் அல்ல என்று நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதே ஊரில் நின்று குரல் கொடுத்தார். ஜூன் 26 அன்று முதலியார் சாசனத்தில் கையெழுத்திட்டார்.

1942-இல் கையெழுத்திட்ட பாஜ்பாய், சுதந்திரத்துக்குப் பின் டில்லி வெளியுறவு அமைச்சகத்தின் பொதுச் செயலாளரானார். 1948 ஜனவரி 1 என்று தேதியிட்ட கடிதத்தில், காஷ்மீர் படையெடுப்பைப் பற்றி, சாசனத்தின் 35-ஆம் பிரிவின் கீழ் இந்தியா பாதுகாப்புச் சபைக்கு முறையிட்டது. இந்த முறை அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்தது நேருவின் அமைச்சரவை.