மதிலும் வளவும்

குற்றம் இழைத்தானை மதிலுக்குள் அடைத்து வைத்தலே தக்க தண்டனை என்னும் கொள்கை இலங்கையில் மிகப் பழையதன்று. வெலிக்கடைச் சிறைச்சாலை 1841ஆம் ஆண்டிலும், கண்டிப் போகம்பரைச் சிறைச்சாலை 1876ஆம் ஆண்டிலும் எழுந்தவை. அவற்றைக் கட்டிய ஆங்கில ஆட்சியினரே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாற் கிராமக் கோடுகளை ஏற்படுத்திச் சிறு வழக்குகளை ஊரளவிலே தீர்க்க வழிசெய்தனர். மதிலின் போதாமையை அவரும் உணர்ந்தனர் போலும்!

மதிலின்றியே மாந்தரை ஒழுங்கில் நிறுத்திய ஊரமைப்பொன்று, 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட மட்டக்களப்புத் தென்கரையில், கல்முனை முதலிய முஸ்லிம் ஊர்களில் விளங்கிற்று. ஆங்குக் குடி தாய்வழி வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மருமகன் அவ்வீட்டிற்கு வந்து சேர்வான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடமைத்து இளையவளோடு குடிபுகுவர். இவ்வாறு உடன்பிறந்த மகளிரின் வீடுகள் நெருங்கி நின்றன. மனைவியின் சுற்றத்தார் நடுவே வாழ்ந்த ஆடவன் கை ஓங்குமுன் பலர் கண்ணிற்கு விடைகூற வேண்டியவனானான். ஆங்கில அறிஞர் பெந்தம் 1791ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கற்பித்த வட்டச் சிறையிலும் கண்காணிப்பு உண்டு. ஆயின் அங்குக் காண்பவன் காவலன். இங்குக் காண்பவர் சோறிட்டவர்.

வீட்டளவில் அடங்காத பிணக்குப் பள்ளிவாசலுக்குச் சென்றது. குடிவாரியாக அமைந்த மரைக்காயர் கூடி விசாரித்தனர். இப்பகுதி இந்துக் கோயில்களிற் குடிவழி வண்ணக்கர் அமர்ந்த முறையும் இதனோடு ஒத்ததே. எனினும் இதனை அளவிறந்து புகழ்தல் முறையன்று. வீடு பெண்ணுடையது, வழக்குரைக்கும் சபையோ ஆடவருடையது. அடிபட்டவளை அமைதியாயிரு என்று சொல்லி முடித்த இணக்கம் நீதியாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோர வளவுகள் பலவற்றை அழித்தது. கடலோரத்தில் மீண்டும் கட்டத் தடை வந்தது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டுத்திட்டங்கள் எழுந்தன. கூரையிழந்தார்க்குக் கூரை கிடைத்தது, அஃது அரும்பணியே. ஆயினும் வரிசை வீட்டிலும் மாடிவீட்டிலும் அக்காளருகே தங்கைக்கு வீடு கட்ட நிலம் ஏது? வீட்டை எண்ணியவர் வளவை எண்ணிலர் என்பதே எம் கருத்து.

வளவின் பயனை வேறிடத்தார் அறிந்துள்ளனர். இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துச் சங்கானேரில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கும் திறந்தவெளிச் சிறையிற் கைதியர் மனைவி மக்களோடு வாழ்ந்து, பகலில் வெளியே உழைத்து மீள்கின்றனர். நம் நாட்டுச் சிறைகளோ தாங்கும் அளவை மிகவும் கடந்து நிரம்பியுள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இணக்க சபைகள் மறைந்தபின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. சிறு பிணக்குகளை மூவர் கொண்ட குழு இருதரப்பாரையும் எதிரெதிரே இருத்திக் கேட்கின்றது. பல ஊர்களில் இச்சபைகள் வார இறுதியில், எம்போன்றோர் கற்பிக்கும் வகுப்பறைகளிலேயே கூடுகின்றன. மத்தியஸ்தராகப் பெண்களும் அமர்கின்றனர்.