திகிற்கதைக் கோவைப் படங்களும் நீதி வேட்கையும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

வெகுசனக் கலைவடிவங்களை ஆராயப் புகும் முற்போக்குத் திறனாய்வாளர் இரு வழுக்களுள் ஒன்றிற்கு ஆட்படுதல் பெருவழக்காகும். மக்கள் விரும்புவதனைத்தும் மக்கள் கலையே எனக் கொள்வது ஒன்று. வணிகர் விற்பதனைத்தும் நச்சு என ஒதுக்குவது மற்றொன்று. இரண்டாவது வழுவினால் நேர்ந்த இழப்பை விளக்குதற்குத் திகிற்படங்களின் வரலாறு தக்க சான்றாக அமைகின்றது. நான்கைந்து தனிக்கதைகளை ஒரு சட்டகக் கதையினுள் அடக்கிக் கூறும் திகிற்கதைக் கோவைப் படங்கள் 1945க்கும் 1974க்கும் இடையில் பிரித்தானியாவிற் பெற்ற செல்வாக்கினையும், அவற்றுட் சிலவற்றின் மூலங்கள் இடதுசாரிகளாலேயே கண்டிக்கப்பட்டமையையும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சட்டகக் கதை என்னும் உத்தி மிகப் பழையது. விக்கிரமாதித்தனின் தோளிற் தொங்கியவாறு வேதாளம் கதை கூறும் மரபு நமது வாசகர் அறிந்ததே. சினிமாவில் இவ்வமைப்பினை யேர்மானியர் முன்னரே கையாண்டனர். றிச்சர்ட் ஒஸ்வால்ட் 1919 இல் ஐந்து திகிற்கதைகளை ஒரே படமாகத் தொகுத்தார். போல் லெனியின் மெழுகுப் பொம்மைக் காட்சிச்சாலை பற்றிய படம் 1924 இல் வெளிவந்தது. எனினும் வேதாளக் கதைக்கும் பின்வந்த பிரித்தானியப் படங்களுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடொன்றுண்டு. வேதாளத்தின் கதையைக் கேட்கும் அரசன் நீதிபதியின் இடத்தில் இருப்பவன். பிறர் செயலின் குணதோஷத்தை அவன் தீர்த்துரைக்கின்றான். பிரித்தானியப் படங்களிலோ கதை கேட்போரே ஈற்றிற் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றனர். இவ்வடிவத்தின் கவர்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு இம்மாற்றமே திறவுகோல் எனலாம்.

2

1945 இல், போர் முடிந்த கையோடு, ஈலிங் நிறுவனம் ‘டெட் ஒஃப் நைற்’ என்னும் படத்தை வெளியிட்டது. கவல்கன்ரி, கிறைற்றன், டியடன், ஹேமர் ஆகிய நால்வர் அதனை நெறிப்படுத்தினர். நாட்டுப்புற மாளிகையொன்றிற்கு வரும் கட்டடக் கலைஞன், அவ்விடத்தையும் அங்குள்ள விருந்தினரையும் தான் கனவிற் கண்டிருப்பதாகக் கூறுகின்றான். விருந்தினர் ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தை எடுத்துரைக்கின்றனர். அனைத்திற்கும் விஞ்ஞான விளக்கம் தரும் உளமருத்துவர் இறுதியிற் கொலையுண்கின்றார். கட்டடக் கலைஞன் விழித்தெழுகின்றான், தொலைபேசி ஒலிக்கின்றது, அவன் மீண்டும் அதே மாளிகைக்குப் புறப்படுகின்றான்.

இப்படத்தில் ஹேமர் நெறிப்படுத்திய பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. வசதி படைத்த இளைஞனுக்குப் பழம்பொருட் கடையில் வாங்கிய கண்ணாடியொன்று பரிசாகக் கிடைக்கின்றது. அக்கண்ணாடி அவனது அறையைக் காட்டாது, மனைவியைக் கொன்ற முன்னைய உடைமையாளனின் அறையைக் காட்டுகின்றது. பண்டம் கைமாறும்போது அதன் வரலாறு மறைந்துவிடுகின்றது என்பது சந்தையின் நம்பிக்கை. மறைவதில்லை என்பது திகிற்கதையின் சாட்சியம். மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக் காட்டேறிக்கு மார்க்ஸ் ஒப்பிட்டதை இவ்விடத்து நினைவுகூரலாம். இறந்தகாலம் நிகழ்காலத்தின் மீது கொண்டுள்ள பிடியினை உணர்த்துதற்கு அவருக்கும் இப்படிமமே வாய்ப்பாயிற்று.

3

இவ்வடிவத்தைத் தொடர் உற்பத்திப் பண்டமாக்கியவர்கள் மில்ற்றன் சுபொற்ஸ்கி, மக்ஸ் றோசன்பேர்க் என்னும் இரு அமெரிக்கத் தயாரிப்பாளராவர். இவர்களது அமிகஸ் நிறுவனம், புகையிரதப் பெட்டியில் ஐவருக்கு எதிர்காலம் கூறும் ஒருவனைப் பற்றிய ‘டொக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஒஃப் ஹொரர்ஸ்’ படத்தை 1965 இல் வெளியிட்டது. ஆரூடம் சொல்பவன் மரணமே என்பதும், பயணிகள் ஏலவே இறந்துவிட்டனர் என்பதும் ஈற்றில் வெளிப்படுகின்றன.

கோவை வடிவம் தழைத்தமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஒவ்வொரு கதையும் சிறியதாகையாற் புகழ்பெற்ற நடிகரைச் சில நாட்களுக்கு மாத்திரம் அமர்த்தினாற் போதும். குறைந்த முதலீட்டிற் பல நட்சத்திரப் பெயர்களை விளம்பரத்தில் இடலாம். ஆனால் வடிவமொன்று மலிவாகக் கிடைப்பது அது உற்பத்தி செய்யப்படுவதை விளக்குமேயன்றி, மக்கள் அதனை விரும்புவதை விளக்காது. அவ்விருப்பத்தின் வேர் கதைகளின் உள்ளடக்கத்திலேயே தேடப்படவேண்டும்.

பிறெடி பிரான்சிஸ் நெறிப்படுத்திய ‘டேல்ஸ் ஃப்ரொம் த கிரிப்ற்’ (1972) இத்தேட்டத்திற்கு மிகவும் உதவுவது. அதன் ஐந்து கதைகளுள் ஒன்றிற் பீற்றர் குஷிங் மனைவியை இழந்த முதிய நகரசுத்தித் தொழிலாளியாகத் தோன்றுகின்றார். அயல்வீட்டுத் தந்தையும் மகனும் அவரது வீடு தமது சுற்றாடலின் பெறுமதியைக் குறைக்கின்றது என எண்ணுகின்றனர். அவரது நாய்களை அகற்றுகின்றனர். வேலையை இழக்கச் செய்கின்றனர். அவரிடம் வரும் பிள்ளைகளைத் தடுக்கின்றனர். காதலர் தினத்தில் வசைமொழி எழுதிய அட்டைகளைக் குவிக்கின்றனர். அவர் தூக்கிட்டு இறக்கின்றார். ஓராண்டின் பின் அதே நாளிற் புதைகுழியிலிருந்து எழுந்து கணக்கைத் தீர்க்கின்றார். இக்கதையில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை என்பதே அதன் உண்மையான பயங்கரம். எந்த நீதிமன்றமும் விசாரியாத குற்றமொன்றை விசாரிக்கவே பிணம் எழுகின்றது.

ஒரு கதையிற் கிட்டும் தீர்ப்பு தற்செயலாகத் தோன்றக்கூடும். அடுத்தடுத்து ஐந்து கதைகளில் அதுவே மீளும்போது பேரேடு ஒன்றின் இயல்பை அது பெறுகின்றது. கோவை வடிவம் பார்வையாளருக்கு அளிக்கும் நிறைவு இதுவே. படத்தின் முடிவிற் சவக்குகைக் காவலன் அவையோரை நேரே நோக்கி, அடுத்த முறை உங்களுடையதாகலாம் என்னும் பொருள்படப் பேசுகையில், அரங்கில் இருப்போரும் கணக்குக் காட்டவேண்டியவராகின்றனர்.

4

இக்கதைகளின் மூலம் அமெரிக்க ஈ.சி. நிறுவனம் ஐம்பதுகளின் முற்பகுதியில் வெளியிட்ட சித்திரக்கதைகளாகும். 1954 ஏப்ரலில் அமெரிக்க மூதவையின் உபகுழு முன் அந்நிறுவனத்தின் வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் சாட்சியமளித்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியீட்டாளர் சங்கம் ஒழுக்கக் கோவையொன்றை ஏற்றது. அது நடமாடும் பிணங்களைத் தடைசெய்ததோடு அமையவில்லை. பொலிசார், நீதிபதிகள், அரச அலுவலர் ஆகியோரை அதிகாரத்தின் மீதான மதிப்புக் குன்றும் வகையிற் காட்டலாகாது என்றும் விதித்தது. பிணத்தையும் நீதிபதியையும் ஒரே ஆவணத்தினாற் காக்க முனைந்தோர் இவற்றிடையே உள்ள தொடர்பை நன்கு அறிந்திருந்தனர்.

பிரித்தானியாவில் நிகழ்ந்தது நமக்கு மேலும் படிப்பினை தருவது. இளையோருக்கு ஊறு விளைக்கும் வெளியீடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1955 இல் அங்கு நிறைவேறியது. அச்சட்டத்திற்கு வழிகோலிய இயக்கத்திற் கம்யூனிஸ்ட் கட்சியினர் தொடக்கம் முதலே முன்னின்று உழைத்தமையை மாட்டின் பாக்கர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. அவர்களது அச்சத்திற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. கொரிய யுத்த காலத்தில் ஆசிய மக்களை இழிவாகத் தீட்டிய சித்திரக்கதைகள் பல உலவின. அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்ப்பது கடமையுமாயிருந்தது. ஆயினும் உள்ளடக்கத்தைப் பகுத்தாராயாமல் தோற்றத்தை மாத்திரம் கண்டித்தமையால், ஏழையின் சார்பில் எழுந்த பிணத்தையும் அவர்கள் தணிக்கையாளரிடம் ஒப்படைத்தனர்.

5

இவ்வடிவத்தின் வரையறைகளை மறைத்தலும் தகாது. அமிகஸின் ‘ஃப்ரொம் பியோண்ட் த கிரேவ்’ (1974) படத்தில் பழம்பொருள் வணிகனை ஏமாற்றுவோர் மாள்கின்றனர். நேர்மையாகப் பணம் செலுத்தியவன் பிழைக்கின்றான். இங்கு ஆளும் நீதி சமமதிப்புப் பரிமாற்றத்தின் நீதி, சிறுவணிகனின் அறம். சுரண்டல் தனிமனிதக் கொடுமையாகச் சுருங்குகின்றது. நீதியும் இறந்தபின்னரே கிட்டுகின்றது.

இவ்வரையறையையும் தாண்டும் கதையொன்று ‘டேல்ஸ் ஃப்ரொம் த கிரிப்ற்’ படத்திலேயே உண்டு. அதன் சித்திரக்கதை மூலம் அப்பெயர் கொண்ட ஏட்டின் கடைசி இதழில், 1955 இல், வெளியானது. பார்வையற்றோர் இல்லமொன்றிற்குப் பொறுப்பேற்கும் இராணுவ மேஜர் உணவையும் கணகணப்பையும் குறைத்துவிட்டுத் தாம் சுகபோகமாக வாழ்கின்றார். குளிரில் ஒருவர் இறக்கின்றார். முறையீடு பயன் தராதபோது ஏனையோர் ஒன்றுகூடுகின்றனர். மேஜரையும் அவரது நாயையும் வேறுவேறாக அடைத்துவைத்து, சவர அலகுகள் பதித்த ஒடுங்கிய பாதையைத் தமது கைகளாலேயே அமைக்கின்றனர். பசித்த நாய் அவிழ்க்கப்படும்போது விளக்குகளும் அணைக்கப்படுகின்றன.

இக்கதையிற் பேயில்லை, பிணம் எழவில்லை. உயிருள்ளோர் கூட்டாகத் திட்டமிட்டு உழைக்கின்றனர். அவர்களது தண்டனை கொடூரமானது. அதனை எவரும் முன்மாதிரியாகக் கொள்ளார். ஆனால் மற்றைய கதைகளிற் பேய் நிரப்பிய வெற்றிடம் எதுவென்பதை இக்கதை காட்டிவிடுகின்றது. உயிருள்ளோர் ஒன்றிணைய வழியற்ற இடத்திலேயே இறந்தோர் எழவேண்டியிருக்கின்றது. திகிற்கதையை நாடும் மக்களின் மூடநம்பிக்கையை இகழ்வதற்கு முன்னர், அவர்கள் எந்த நீதியை வேறெங்கும் காணாது அரங்க இருளிற் தேடினர் என்று வினவுவது திறனாய்வாளரின் முதற்கடனாகும்.