பாணுக்கு இரண்டாம் பரிசு

எமிலி டிக்கின்சன் 1856இல் சொந்த ஊரில் ஒரு பரிசு வாங்கினார். கவிதைக்கு இல்லை, பாணுக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே நடந்த கால்நடைக் கண்காட்சியில் ரை மாவும் சோளமாவும் கலந்து சுட்ட பாணுக்கு இரண்டாம் பரிசு. அடுத்த வருசம் அதே போட்டிக்கு நடுவர்களில் ஒருவராக இருந்தார்.

கவிதையைப் பற்றிச் சொல்ல வந்திட்டு இவன் என்ன பாணைப் பற்றிக் கதைக்கிறான் எண்டு நினைக்காதேங்கோ. இந்த மனிசியின்ர கவிதை கனக்கக் குசினியிலதான் கிடந்தது. கடித உறையின் உள்பக்கம், சொக்கிலேற் சுற்றின கடதாசி, கிடைத்த துண்டு எல்லாத்திலயும் எழுதியிருக்கிறார். திரும்பி வராத விசயங்களைப் பற்றின ஒரு கவிதையின் முதற்படி, தேங்காய்ப்பூக் கேக் செய்முறை எழுதின தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

சரி, விசயத்துக்கு வாறன். எனக்கு இவரில் பிடிப்பு வந்தது கவிதையால் இல்லை, ஒரு 'இல்லை'யால்.

அந்தக் காலத்து ஆம்ஹர்ஸ்டில் தேவாலயத்துக்குப் போய் வந்தால் மட்டும் காணாது. கடவுள் என்னை ஆட்கொண்டார் எண்டு சபைக்கு முன்னால் அறிக்கை செய்தால்தான் முழு உறுப்பினர். 1847இல் பதினாறு வயதில் எமிலி மவுண்ட் ஹோலியோக் பெண்கள் பள்ளிக்குப் போனார். அதை நடத்தினவர் மேரி லயன். அங்கே மாணவிகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். விசுவாசத்தை அறிக்கை செய்தவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். பிரத்தியேகக் கூட்டம், ஜெபம், கண்ணீர் எண்டு ஒவ்வொருத்தராக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். எமிலி கடைசிவரை மூன்றாம் வகைதான். எல்லாரும் எழும்பி நிற்க இவர் மட்டும் கதிரையில் இருந்தார் எண்டு ஒரு கதை உலாவுது. அது பிறகு எழுதப்பட்டது, நான் பெரிசாக நம்பவில்லை. நாடகம் இல்லாமலே விசயம் கனமானதுதானே.

ஏனெண்டால் இது வீராப்பு இல்லை. அந்த வயதில் சிநேகிதிக்கு எழுதின கடிதங்களைப் பார்த்தால், கிடைத்த சந்தர்ப்பத்தைத் தவறவிட்டேனோ எண்டு பிள்ளை தவிக்கிறது தெரியும். ஓம் சொல்ல விருப்பம் இருந்தது. ஆனால் உள்ளே ஒண்டும் நடக்காமல் நடந்தது எண்டு சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 1850இல் ஊர் முழுக்க மத எழுச்சி. தகப்பன் எட்வர்ட் சேர்ந்தார், தங்கை லவினியா சேர்ந்தார். சில வருசத்தால் அண்ணன் ஒஸ்டினும் சேர்ந்தார். எமிலி சேரவே இல்லை. முப்பது வயதுக்குப் பிறகு தேவாலயத்துக்குப் போறதையும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்.

ஆனால் பாருங்கோ, எழுதின கவிதையெல்லாம் கீர்த்தனை அளவில! ஐசக் வாட்ஸின் பாட்டுகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டு வளர்ந்த காது. எட்டு அசை, ஆறு அசை, திரும்ப எட்டு, ஆறு. கடவுளைப் புகழ எண்டு இருந்த அந்தப் பாத்திரத்துக்குள்ள இவர் சந்தேகத்தை ஊத்தினார். கோபத்தை, மரணத்தை, தேனீயை, சில நாள் கடவுளோட செல்லச் சண்டையை. ஐயம் தீர்ந்தவர்களுக்கு இந்த அளவு அலுத்திருக்கும். இவருக்கு ஆயுள் முழுக்கக் காணாமல் போச்சு.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் இருக்கு. இஞ்ச வந்து மூன்று வருசம், நான் திருநீறு பூசுறதில்லை. பூசாத காரணத்தைச் சொல்லவும் தெரியாது. ஆனால் இரவில் நாலு வரி எழுதக் குந்தினால் விரல் தொடையில் தட்டுறது தேவாரத் தாளம். அதை அழிச்சு அழிச்சுப் புதுக்கவிதை ஆக்கிறதே பெரும்பாடு :-)

இன்னொரு தொடுப்பும் உண்டு. எமிலியை நெருக்கின அதே எழுச்சிதான் எங்கட ஊருக்கும் கப்பல் ஏறி வந்தது. 1806இல் மாசசூசெட்ஸின் மேற்கு மூலையில் வில்லியம்ஸ் கல்லூரிப் பொடியள் வைக்கோல் போருக்கடியில் செய்த ஜெபத்திலிருந்து முளைத்ததுதான் அமெரிக்க மிஷன். 1816இல் யாழ்ப்பாணம், 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் மகளிர் பள்ளி. அம்மம்மா உடுவிலில் படிச்சவ. தீவிர சைவம். ஆனால் குசினியில் தனிய நிக்கேக்க வாயில வாறது கிறிஸ்தவ ஞானப்பாட்டு மெட்டு. கேட்டால், "மெட்டுக்கென்னடா சமயம்?" எண்டுவா.

அந்த மிஷனைச் சேர்ந்த மிரோன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி சென்னையில் அச்சானது 1862இல். 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அதே 1862இல், ஏப்ரல் மாதம், எமிலி தோமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு நாலு கவிதை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கா எண்டு கேட்டார். தன்னுடைய படிப்பைப் பற்றிப் பிறகு எழுதினபோது, பல வருசமாகத் தனக்குத் துணை அகராதி மட்டும்தான் என்றார். அது வெப்ஸ்டரின் அகராதி. அந்த வெப்ஸ்டரும் 1812 முதல் பத்து வருசம் ஆம்ஹர்ஸ்டில் குடியிருந்தவர், எமிலியின் பாட்டனாரோட சேர்ந்து அங்கே கல்லூரி தொடங்கினவர். அகராதி மட்டும் எண்டது கொஞ்சம் அளப்புத்தான். தகப்பன் 1844இல் கொடுத்த பைபிள், ஷேக்ஸ்பியர், புரொண்டி சகோதரிகள் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அறைச் சுவரில் ஜோர்ஜ் எலியட்டின் படமும் எலிசபெத் பிரௌனிங்கின் படமும் மாட்டியிருந்தார்.

1886 மே 15இல் இறந்தார். லவினியா அறையைத் துப்புரவாக்கப் போனால், ஊசி நூலால் தைத்த சின்னக் கொப்பிகள், நாற்பதளவில். உதிரித் தாள்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,800 கவிதைகள். இருக்கும்போது அச்சில் வந்தது பத்தளவில்தான், அதுவும் பெயரில்லாமல். 1890இல் முதல் தொகுப்பு போட்டவர்கள் இடைக்கோடுகளை எடுத்து, தலைப்பு ஒட்டி, எதுகையைச் சீராக்கி 'திருத்தி' விட்டார்கள். அவர் எழுதினபடி முழுதாகப் பார்க்க 1955 வரை காத்திருக்க வேண்டி வந்தது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

செத்த வீடு தேவாலயத்தில் நடக்கவில்லை, வீட்டு நூலக அறையில்தான். பெட்டியைத் தூக்கினவர்கள் வீட்டில் வேலை செய்த ஆறு ஐரிஷ்காரர், கத்தோலிக்கர். பின்கதவால் இறக்கி, வயல்வெளியால் கொண்டு போனார்கள்.

போன ஞாயிறு அம்மா எடுத்தா. "கோயிலுக்குப் போனனியோ?" வழமையாக ஓம் எண்டு பொய் சொல்லுவன். இந்த முறை, "இல்லையம்மா, கேக் சுடுறன்" எண்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தேங்காய்ப்பூ நல்லாப் பிழிஞ்சு போடு, இல்லாட்டி நடு வேகாது" எண்டா. எமிலியின் தாளில் அது இல்லை. ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை சீனி, இரண்டு முட்டை... கடைசியில், இது பாதி அளவு எண்டு மட்டும் எழுதியிருக்கு.