தொட்டிச் செடிகளில் பூக்கும் பருவச் சத்துக் குறைபாடு

தொட்டியில் வளரும் செடி மொட்டுவிடத் தொடங்கியதும், வேர் எடுத்துத் தரும் சத்துகள் இலைக்கும் பூவுக்கும் காய்க்கும் பங்கிடப்படும் விதம் மாறுகிறது. இந்தப் புதிய தேவையை வேரால் ஈடுகட்ட முடியாதபோது இலை வெளுக்கிறது, ஓரம் கருகுகிறது, மொட்டு உதிர்கிறது, காய் அழுகுகிறது. இவை அனைத்தும் சேர்ந்து பூக்கும் பருவச் சத்துக் குறைபாடு எனப்படும். நிலத்துப் பயிரிலும் இது உண்டு. ஆனால் சில லிட்டர் மண்கலவைக்குள் வேர் முழுவதையும் அடக்கிக்கொண்ட மாடித்தோட்டத்து ரோஜாவிலும், அறைக்குள் விளக்கொளியில் வளர்க்கும் தக்காளியிலும் மிளகாயிலும் இது விரைவாக வெளிப்படும். சத்தைத் தேடித் தொலைவுக்கு வேர்விட அங்கே இடமில்லை.

‘குறைபாடு’ என்ற பெயர் பலரைத் தவறான வழியில் செலுத்துகிறது. நன்கு உரமிட்டுவந்த தொட்டியில் சத்து பெரும்பாலும் இருக்கவே செய்யும். வேரால் அதை எடுக்க முடிவதில்லை, அல்லது எடுத்தது வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இலை மஞ்சளானதைக் கண்டதும் இன்னொரு பிடி உரம் போடுவதே செடியைக் கொல்லும் பொதுவான தவறு.

பழைய இலையா, துளிரா?

செடிகளுக்கு இன்றியமையாதவை என 17 தனிமங்கள் ஏற்கப்பட்டுள்ளன. காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வரும் கரியம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போக எஞ்சிய 14 தனிமங்களும் பெரும்பாலும் வேர் வழியாகவே வரவேண்டும். ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கான வரையறையை 1939-இல் ஆர்னனும் ஸ்டவுட்டும் வகுத்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய செடி தக்காளி.

நோயறிதலில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, இடத்தை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவி, செடி துளிருக்கும் பூவுக்கும் அனுப்பிவிடும். எனவே அடி இலைகள் முதலில் பாதிக்கப்படும். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), இரும்பு, போரான், மாங்கனீசு போன்றவை ஓர் இலையில் படிந்தபின் எளிதில் நகர்வதில்லை. அவை குறைந்தால் துளிரும் மொட்டும் வாடும், அடி இலை பச்சையாகவே நிற்கும். கந்தகம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பெரும்பாலும் இளம் இலையே சீராக வெளுக்கும்.

இடம் தெரிந்தபின் நிறம் பேசும். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் தீய்ந்ததுபோல் காய்ந்தால் சாம்பல்சத்து. இலை வழக்கத்தைவிடக் கரும்பச்சையாகி அடியில் ஊதா படர்ந்தால் மணிச்சத்து, அல்லது வெறும் குளிர். நரம்பிடை மஞ்சள் துளிரில் தோன்றினால் இரும்பு. மெக்னீசியக் குறைவும் இரும்புக் குறைவும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும். எந்த இலை என்று பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

சுண்ணாம்புச்சத்தின் வழி

பூக்கும் பருவத்தில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்கும் நுனி அழுகல் கிருமியால் வருவதல்ல. வளரும் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. வேரிலிருந்து மேலேறும் நீரோடுதான் இந்தச் சத்து பயணம் செய்யும். நீரை ஆவியாக்கி இழுப்பது இலை. காயிலிருந்து நீர் அதிகம் ஆவியாவதில்லை. ஆகவே பங்கீட்டில் இலைக்கே பெரும்பங்கு போகிறது. ஒருநாள் தொட்டி காய்ந்து மறுநாள் நிரம்பி வழிந்தால் காய்க்குக் கிடைக்கும் சிறு பங்கும் அறுபடும்.

காற்றோட்டமில்லாத அறையில் மறுபக்கத்திலிருந்து அதே விளைவு வரும். ஈரப்பதம் மிகுந்து, இலையைச் சுற்றிய காற்று அசையாமல் நின்றால் நீரோட்டமே தளர்ந்து, துளிரின் நுனி கருகும். உள்ளரங்கில் லெட்டூஸ் கீரை வளர்ப்போர் நுனிக்கருகலைக் குறைக்கச் செடியின் நடுக்குருத்தின் மேல் மின்விசிறியின் காற்றைப் பாய்ச்சுவது இதனால்தான்.

முட்டை ஓட்டுத்தூள் இங்கே உதவாது. அதிலிருப்பது கால்சியம் கார்பனேட். மெல்லக் கரையும் அது, இப்போது அழுகும் காய்க்கு எட்டாது. எப்சம் உப்பு போடுவது அதைவிடத் தவறு. அது தரும் மெக்னீசியம் வேரில் சுண்ணாம்புச்சத்தோடு போட்டியிட்டு அழுகலைக் கூட்டக்கூடும். அளவோடு, ஒரே சீராக நீர் ஊற்றுவதே முதல் மருந்து.

நீர், கார அமில நிலை, உப்பு

மண்கலவைக்கு 6.0 முதல் 7.0 வரையிலும், தென்னை நார்க்கழிவு போன்ற மண்ணில்லா ஊடகங்களுக்கு 5.5 முதல் 6.5 வரையிலும் கார அமில நிலை இருப்பது பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஏற்றது. பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை மாதக்கணக்கில் ஊற்றிவந்தால் தொட்டி காரத்தன்மை அடையும். அப்போது இரும்பு கலவையில் இருந்தும் கரையாது. மல்லிகையின் துளிர் வெளுத்து நிற்பதற்கு இது அடிக்கடி காணும் காரணம். இலைவழி ஊட்டமாக லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்துத் தெளிக்கப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் நீரைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த துளிரும் வெளுத்தே வரும்.

நார்க்கழிவில் இன்னொரு சிக்கல் உண்டு. இயல்பாகவே அதில் பொட்டாசியமும் சோடியமும் அதிகம். அவற்றை விடுவித்து, நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். நடுவதற்கு முன்பே நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது இதற்காகவே.

உரம் மிகுந்தால் இலைநுனி பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளை உப்பு படியும். உப்பின் அளவை அறிய வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு. நீர் ஊற்றி ஒருமணி நேரம் கழித்து, மேலிருந்து சிறிது வாலைவடிநீர் விட்டு, அடியில் வடியும் ஏறத்தாழ 50 மில்லிலிட்டரைப் பிடித்து, அதன் மின்கடத்துதிறனையும் கார அமில நிலையையும் அளக்க வேண்டும். மிகையாக இருந்தால் தொட்டியின் கொள்ளளவைப்போல் பலமடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி வடியவிடலாம்.

பூக்க வைக்கும் என்று விற்கப்படும் மணிச்சத்து மிகுந்த உரங்கள் பெரும்பாலான தொட்டிகளுக்குத் தேவைப்படுவதில்லை. மிகை மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடி பயன்படுத்துவதைத் தடுக்கும். மொட்டுவிட்டதும் தழைச்சத்தை அறவே நிறுத்துவதும் சரியல்ல, குறைத்தால் போதும்.

குறைபாடு போலத் தோன்றுபவை

நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறினாலும் இலை மஞ்சளாகும். செடியை மெல்ல உருவி வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளையாக இருந்தால் நலம், பழுப்பாகி நாறினால் அழுகல். சிலந்திப்பேன் தாக்கினால் ஊசிமுனை போன்ற வெளிர்ப்புள்ளிகள் தோன்றும், இலையின் அடியில் மெல்லிய வலை இருக்கும். எல்.இ.டி. விளக்குக்கு மிக அருகிலுள்ள மேல் இலைகள் மட்டும் வெளுத்தால் ஒளி மிகுதி. அதில் நரம்பும் சேர்ந்து வெளுப்பதுண்டு. சாமந்தி போன்ற பருவச்செடிகளில் பூத்து முடியும் தறுவாயில் அடி இலை பழுப்பது இயல்பு. செடி தன் தழைச்சத்தை விதைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்.

சரிசெய்தல்

வேர், நீர், கார அமில நிலை, உப்பு என்ற வரிசையில் பார்த்தபின்தான் உரத்துக்கு வரவேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு வாரமாவது காத்திருந்தால்தான் எது பலித்தது என்று தெரியும். மெக்னீசியக் குறைவு உறுதியானால் லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பை மாலையில் தெளிக்கலாம். கருகிய இலை திரும்பாது. புதிதாக வரும் இலையே அளவுகோல்.

இரும்புக் குறைவா என்ற ஐயத்தைத் தீர்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. நீர்த்த இரும்பு சல்பேட் கரைசலை வெளுத்த ஓர் இலையின் பாதியில் மட்டும் தூரிகையால் தடவிவிட்டுச் சில நாள் விடவேண்டும். இரும்புதான் காரணமென்றால், தடவிய பாதி மட்டும் பச்சையாகும்.